கார் மேல் படிந்த பெயிண்ட் தூறல்: சில குறிப்புகள்

மே மாதம், ஒரு சனிக்கிழமை காலை. கார் மேல் தூசி படிந்திருக்கிறது என்று நினைத்துத் துணியை வைத்தேன். துணி வழுக்கிப் போகாமல் சிக்கிக்கொண்டு நின்றது. விரலால் தடவிப் பார்த்தேன். பானெட், கூரை, வலது பக்கக் கதவுகள் எல்லாம் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருந்தன. கிட்டே குனிந்து பார்த்தால் சாம்பல் நிறத்தில் ஊசிமுனைப் புள்ளிகள், ஆயிரக்கணக்கில்.

நிமிர்ந்து பார்த்ததும் காரணம் தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் தகரக் கூரை போட இரும்புச் சட்டம் நிறுத்தியிருந்தார்கள். முந்தைய நாள் அது செங்காவி நிறத்தில் இருந்தது. இன்று சாம்பல் நிறம்.

வேளச்சேரியில் கார் வைத்திருப்பவர்களுக்குத் தண்ணீர் பயம் அதிகம். 2015, 2023 வெள்ளங்களுக்குப் பிறகு மழை எச்சரிக்கை வந்தாலே வண்டியை மேட்டுக்கு ஏற்றிவிடுவோம். 2024 அக்டோபரில் எங்கள் ஏரியாக்காரர்கள் மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களை நிறுத்தியது செய்தியாகவே வந்தது. கீழிருந்து வருவதற்கு இவ்வளவு தயாராக இருக்கிற நாங்கள், மேலிருந்து வருவதைப் பற்றி யோசித்ததே இல்லை. தண்ணீரும் உப்புக்காற்றும் இருக்கிற ஊரில் இரும்பு துருப்பிடிக்கும், துருப்பிடித்தால் பெயிண்ட் அடிப்பார்கள், அடித்தால் பறக்கும். ஆக, இது எங்கள் தெருவில் கடைசித் தடவையாக இருக்காது. அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

சண்டை

என் காருக்குப் பக்கத்தில் நின்றது இரண்டாவது மாடி சாருடைய கார். வாங்கி ஏழு மாதம்தான் ஆகிறது, வெள்ளை நிறம். அவர் உடனே தெரிந்த டிங்கரிங் கடைக்குப் படம் அனுப்பி விலை கேட்டார். பானெட், கூரை, இரண்டு கதவு, டிக்கி எல்லாவற்றையும் தேய்த்து மறுபடி பெயிண்ட் அடிக்க வேண்டும், இருபத்திரண்டாயிரம் ஆகும் என்று பதில் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் அதைக் கேட்டுவிட்டு, "மேஸ்திரி கணக்குல கழிச்சுக்கறேன்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

மேஸ்திரிக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கேட் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். "சார், எனக்கு மொத்தக் கூலியே பதினாலாயிரம். அதுல ரெண்டு பசங்களுக்கு நேத்தே குடுத்தாச்சு" என்றார். அதற்கு மேல் எதுவும் பேசவில்லை.

உண்மையிலேயே மறுபடி பெயிண்ட் அடித்தே ஆக வேண்டுமா? எனக்கு அது தெரிய வேண்டியிருந்தது. பதில் 'ஆமாம்' என்றால் ஒரு மனிதருடைய வேலைக்கூலி முழுக்கப் போகிறது. 'இல்லை' என்றால் கொஞ்சம் கைவேலையோடு முடிகிறது.

அதற்கு முன்னால் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். காலையில் கோபத்தில், வீட்டில் கிடந்த தின்னரைத் துணியில் நனைத்து, என் காரின் முன்பக்க இடது ஃபெண்டரில் அழுத்தித் தேய்த்தேன். புள்ளிகள் போயின. கூடவே துணியில் வெள்ளி நிறமும் வந்தது. என் காரின் நிறம் வெள்ளி. தேய்த்த இடம் உள்ளங்கை அளவுக்கு மங்கி, பளபளப்பு செத்துவிட்டது. பறந்து வந்த பெயிண்ட் அந்தக் காருக்கு செய்யாத சேதத்தை நான் அரை நிமிடத்தில் செய்துவிட்டேன். ஏன் அப்படி ஆனது என்பதைப் பின்னால் சொல்கிறேன். இந்தக் கட்டுரையின் சாரமே அதில்தான் இருக்கிறது.

எப்படிப் பறந்து வந்தது

சாதாரண கம்ப்ரஸர் கன்னில் அடிக்கும்போது, வெளியே வரும் பெயிண்ட்டில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் பொருள் மேல் ஒட்டும் என்பது பொதுவான கணக்கு. மீதி காற்றோடு போகும். அதனால்தான் கலிஃபோர்னியாவின் தென்பகுதி காற்று மாசுக் கட்டுப்பாட்டு விதிகள், வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கும் கடைகளில் குறைந்தது 65 சதவீதம் ஒட்டும்படியான கன்களைக் கேட்கின்றன. அடிக்கிற பொருள் அகலமான சுவராக இருந்தால் பரவாயில்லை. கம்பி, கிரில், இரும்புச் சட்டம் என்றால் கன்னின் விசிறி கம்பியைவிட அகலம். பாதிக்கு மேல் கம்பியைத் தொடாமலே தாண்டிப் போய்விடும்.

அப்படிப் போகிற துளிகள் மிகச் சிறியவை. 50 மைக்ரான் துளி, அதாவது தலைமுடியைவிடக் கொஞ்சம் மெல்லியது, காற்றே அசையாத இடத்தில் நொடிக்கு ஏழெட்டு சென்டிமீட்டர்தான் கீழே இறங்கும். பத்து மீட்டர் உயர மாடியிலிருந்து தரைக்கு வர இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். 20 மைக்ரான் துளிக்குக் கிட்டத்தட்ட கால் மணி நேரம் வேண்டும். அந்த நேரத்தில் லேசான காற்று அடித்தாலும் எங்கேயோ கொண்டு போய்விடும்.

இதில் நம்ம ஊர்க் காற்றுக்கும் ஒரு பங்கு இருக்கு. மே மாதத்தில் காலையில் மேற்கிலிருந்து சூடான தரைக்காற்று வீசும். வெயில் ஏறி நிலம் சூடானதும், மதியம் வாக்கில் கடற்காற்று கிழக்கிலிருந்து உள்ளே வரும். வேளச்சேரி கடலிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர்தான். மேஸ்திரி காலையில் ஆரம்பிக்கும்போது காற்று எங்கள் பக்கமிருந்து அவர் பக்கம் போயிருக்கிறது. பார்த்துவிட்டுத்தான் ஆரம்பித்திருக்கிறார். சாப்பாட்டுக்குப் பிறகு காற்று திரும்பிவிட்டது. அவர் கவனிக்கவில்லை. அலட்சியம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது.

உலர்வது வேறு, இறுகுவது வேறு

நாம் எல்லாவற்றையும் 'பெயிண்ட் காய்ஞ்சிடுச்சு' என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் அதற்குள் இரண்டு வேறு சங்கதிகள் இருக்கின்றன.

சில பெயிண்ட் வெறுமனே உலரும். கரைப்பான் ஆவியாகும், மிச்சம் படலமாக நிற்கும், அவ்வளவுதான். என்.சி. பெயிண்ட் அந்த வகை. அதன் மேல் எத்தனை வருடம் கழித்துத் தின்னரை வைத்தாலும் மறுபடி கரையும்.

சில பெயிண்ட் உலர்ந்த பிறகு இறுகும். கேட்டுக்கும் கிரில்லுக்கும் அடிக்கிற சிந்தடிக் எனாமல் அப்படி. முதலில் டர்ப்பன்டைன் ஆவியாகும். பிறகு பெயிண்ட்டில் உள்ள எண்ணெய்ப் பகுதி காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். தொட்டால் ஒட்டாத நிலைக்கு சில மணி நேரம் போதும். முழுக்க இறுக நாட்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் ஆகும். பின்னிக்கொண்ட பிறகு டர்ப்பன்டைன் அதைக் கரைக்காது.

மூன்றாவது, இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கிற பி.யு., எபாக்ஸி வகை. ஹார்டனர் சேர்த்ததுமே வேதிவினை தொடங்கிவிடும். அது பறந்து வந்து உட்கார்ந்தால் கரைத்து எடுக்கும் எண்ணத்தையே விட்டுவிட வேண்டும். சுவருக்கு அடிக்கிற எமல்ஷன் நான்காவது. ஈரமாக இருக்கும்போது தண்ணீரிலேயே போகும். காய்ந்துவிட்டால் தண்ணீரில் ஊறவைத்தோ ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டோ இளக்கலாம்.

ஆகவே முதல் கேள்வி 'எதை வைத்துத் தேய்ப்பது' இல்லை. 'வந்து விழுந்தது என்ன, விழுந்து எத்தனை நாள் ஆச்சு' என்பதுதான். அதைத் தெரிந்துகொள்ள ஆராய்ச்சிக்கூடம் வேண்டாம். பெயிண்டரிடம் டப்பாவைக் காட்டச் சொன்னால் போதும். சண்டை போட்டுக்கொண்டிருந்த எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை. நான் கேட்டதும் மேஸ்திரி மாடிக்குப் போய்க் காலி டப்பாவை எடுத்து வந்தார். சிந்தடிக் எனாமல். அடித்து ஒரு நாள் கூட முழுசாக ஆகவில்லை.

காரின் தோல்

தொழிற்சாலையிலிருந்து வரும் கார் பெயிண்ட்டின் மொத்தத் தடிமன் சுமார் 100 முதல் 150 மைக்ரான். ஒரு ஏ4 தாளின் தடிமன் கிட்டத்தட்ட 100 மைக்ரான். அதில் மேலே இருக்கும் நிறமில்லாத கிளியர் கோட் மட்டும் 40, 50 மைக்ரான், அதாவது அரைத் தாள். வெயிலைத் தாங்குவது, பளபளப்பது எல்லாம் அந்த அரைத் தாள்தான்.

அந்த கிளியர் கோட் தொழிற்சாலையில் சுமார் 140 டிகிரி சூட்டில் வேகவைத்து இறுக்கப்பட்டது. டர்ப்பன்டைன் கொஞ்ச நேரம் பட்டால் அதற்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஓட்டிக்கொண்டிருக்கிற காரை ஒர்க்‌ஷாப்பில் அந்தச் சூட்டில் வைக்க முடியாது. பிளாஸ்டிக்கும் ரப்பரும் உருகிவிடும். அதனால் ஒழுங்கான கடையில் ஹார்டனர் கலந்த பெயிண்ட் அடிப்பார்கள். ஒழுங்கில்லாத கடையில் உலர மட்டும் செய்கிற மலிவான பெயிண்ட்டை அடித்துவிட்டு, அதே பளபளப்போடு கொடுத்துவிடுவார்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

என் ஃபெண்டர் மூன்று வருடம் முன்பு ஒரு உரசலுக்குப் பிறகு மறுபடி அடித்தது. துணியில் வெள்ளி நிறம் வந்ததன் அர்த்தம் இதுதான்: அங்கே இறுகிய கிளியர் கோட் என்று எதுவுமே இல்லை. தின்னர் நேராக நிறத்தையே கரைத்துவிட்டது.

நமக்குச் சாதகமான விஷயம் ஒன்றும் இருக்கு. தூரத்திலிருந்து பறந்து வந்த துளி வழியிலேயே கரைப்பானில் பாதியை இழந்துவிடும். காரைத் தொடும்போது பரவி ஒட்டிக்கொள்ள அதில் ஈரம் இல்லை. பரு மாதிரி மேலே உட்கார்ந்திருக்கும். சொரசொரப்பாக இருப்பதே நல்ல செய்தி. உட்கார்ந்திருப்பதைப் பக்கவாட்டில் தள்ளி எடுக்கலாம். அதற்காக அடியில் இருக்கும் அரைத் தாளைத் தேய்த்து எடுக்கத் தேவையில்லை.

செய்த வரிசை

மென்மையானதில் ஆரம்பித்து, போதவில்லை என்றால் மட்டும் அடுத்த படிக்குப் போவது. முதலில் என் காரில் செய்து பார்த்தோம். மேஸ்திரியும் கூட நின்றார்.

நிழலும் குளிர்ச்சியும் முதலில் முக்கியம். வெயிலில் நின்ற தகட்டில் எதை வைத்தாலும் உடனே காய்ந்து திட்டாகும். சூடு எனாமலை இன்னும் வேகமாக இறுக்கும். நாங்கள் சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், தகடு கைக்குச் சில்லென்று ஆன பிறகு தொடங்கினோம்.

முதலில் நிறைய தண்ணீரும் கார் ஷாம்பூவும் விட்டுக் கழுவினோம். மண் துகள் ஒன்று தங்கினாலும் அடுத்த வேலையில் அது கீறும். எங்கள் போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைத் திட்டு விடும். அதனால் கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீர்.

அடுத்து, கண்ணில் படாத இடத்தில் சோதனை. பெட்ரோல் மூடியின் உள்பக்கம், கதவைத் திறந்தால் தெரியும் ஓரம். வெள்ளைத் துணியில் டர்ப்பன்டைன் தொட்டு மெதுவாகத் துடைத்தோம். துணியில் காரின் நிறம் வந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் மறுபடி அடித்த பகுதி இருந்தால் அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும். நான் சோதிக்காமல் போன இடம் அதுதான்.

சோதனை சரியாக வந்ததும், டர்ப்பன்டைன் நனைத்த மைக்ரோஃபைபர் துணியை ஒரு முழ நீளப் பகுதி மேல் அரை நிமிடம் போர்த்தி வைத்து, அழுத்தாமல் துடைத்தோம். ஒரே நாள் வயது என்பதால் கால்வாசிக்கு மேல் அதிலேயே வந்துவிட்டது. உடனே ஷாம்பூ தண்ணீரால் கழுவினோம். மண்ணெண்ணெய் போடலாமா என்று மேஸ்திரி கேட்டார். புது எனாமலுக்கு அதுவும் வேலை செய்யும், ஆனால் எண்ணெய்ப் படலம் விட்டுவிடும். பெட்ரோல் மட்டும் வேணாம். ஒரு பொறி போதும். டர்ப்பன்டைனும் தீப்பற்றுகிற பொருள்தான். கையுறையும் காற்றோட்டமும் வேண்டும், பீடி சிகரெட் பக்கத்தில் கூடாது.

மிச்சத்துக்குக் கிளே பார். பெயர்தான் களிமண், உண்மையில் மிக நுண்ணிய தேய்ப்புத் துகள் கலந்த பிசின் உருண்டை. தடாவோ கோடாட்டே என்ற ஜப்பானியர் பெயரில் 1995-ல் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. காப்புரிமையில் இதன் பெயர் ஏறக்குறைய 'வளைகிற பிளாஸ்டிக் சாணைக்கல்' என்று வரும். அந்தப் பெயரே வேலையைச் சொல்லிவிடுகிறது. தண்ணீர் வழுக்கலில் ஓடும்போது சமமான பரப்பின் மேல் சறுக்கிப் போகும், துருத்திக்கொண்டிருப்பதை மட்டும் சீவி எடுக்கும்.

ஒரு எலுமிச்சை அளவு பிய்த்து, தட்டையாக்கி, தண்ணீரில் சில சொட்டு ஷாம்பூ கலந்து தகட்டில் தாராளமாகத் தெளித்து, நேர்கோட்டில் முன்னும் பின்னும் ஓட்ட வேண்டும். வட்டமாகத் தேய்க்கக் கூடாது, அழுத்தவும் கூடாது. ஆரம்பத்தில் 'கர கர' என்று சத்தம் கேட்கும். பத்துப் பதினைந்து ஓட்டத்தில் சத்தம் அடங்கும். சத்தம் அடங்கினால் அந்த இடம் முடிந்தது. அடிக்கடி மடித்துச் சுத்தமான பக்கத்தை வெளியே கொண்டுவர வேண்டும். கீழே விழுந்துவிட்டால் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான். அதில் ஒட்டிய மண்ணைப் பிரித்து எடுக்கவே முடியாது.

முடிந்ததா என்று கண்ணால் பார்த்தால் ஏமாந்துபோவோம். மெல்லிய பாலித்தீன் கவருக்குள் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். விரலுக்குத் தெரியாத சொரசொரப்பெல்லாம் கவர் வழியாகத் தெரியும். ஏனென்று சரியாகச் சொல்ல எனக்குத் தெரியாவிட்டாலும், ஒவ்வொரு தடவையும் வேலை செய்தது.

கடைசியில் கழுவி, துடைத்து, மெழுகுப் பூச்சு போட வேண்டும். முன்பு போட்டிருந்த வேக்ஸ் எல்லாம் இந்த வேலையில் போயிருக்கும்.

கண்ணாடிக்குத் தனி வழி: சோப்புத் தண்ணீர் விட்டு, புது பிளேடைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டலாம். ஹெட்லைட் கண்ணாடி மாதிரி இருந்தாலும் அது பிளாஸ்டிக். அதில் தின்னர் பட்டால் வெளுத்துப்போகும் அல்லது விரிசல் விடும். அங்கே கிளே மட்டும்தான்.

வந்தது, வராதது

ராத்திரி ஒன்பதரைக்கு என் பானெட் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. இரண்டாவது மாடி சார் இறங்கி வந்து கவர் போட்டுத் தடவிப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நாளைக்கு என் வண்டியில முதல்ல டிக்கி மட்டும் பண்ணுங்க, பார்க்கலாம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு மேஸ்திரி ஒரு பையனோடு வந்தார். டிக்கி முடிந்ததும் சார் எதுவும் சொல்லாமல் மூன்று பேருக்கும் காபி கொண்டுவந்தார். பத்து மணிக்குள் மொத்த வண்டியும் முடிந்தது. தொழிற்சாலைப் பெயிண்ட் மேல் ஒரு கீறல் இல்லை.

வராததும் உண்டு. வைப்பருக்கு அடியில் இருக்கும் சொரசொரப்பான கறுப்பு பிளாஸ்டிக்கின் குழிகளுக்குள் புள்ளிகள் தங்கிவிட்டன. பல் துலக்கும் பிரஷ் போட்டும் பாதிதான் போனது. என் ஃபெண்டர் திட்டு அப்படியே இருக்கு. அதை மறுபடி அடிக்கத்தான் வேண்டும். மொத்த விவகாரத்தில் மறு பெயிண்ட் தேவைப்பட்ட ஒரே இடம் அதுதான். அதற்குக் காரணமும் நான்தான்.

டிங்கரிங் கடைக்காரர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. படத்தைப் பார்த்து, தனக்குத் தெரிந்த வேலைக்கு விலை சொன்னார். ஆனால் அவர் சொன்னபடி செய்திருந்தால், 140 டிகிரியில் வெந்த நல்ல தோலைத் தேய்த்து எடுத்துவிட்டு, அதைவிடக் குறைந்த சூட்டில் இறுகும் தோலைப் போட்டிருப்போம். இருபத்திரண்டாயிரம் கொடுத்து, இருந்ததைவிடக் கொஞ்சம் மட்டமான ஒன்றை வாங்கியிருப்போம். கிளே, வேக்ஸ், துணி எல்லாம் சேர்த்து ஆயிரத்து நூறு ரூபாய் ஆனது. பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்துவிட்டார். மேஸ்திரி கூலியும் முழுசாக வந்துவிட்டது.

கிளம்பும்போது மேஸ்திரியிடம் ஏன் பிரஷ்ஷில் அடிக்கவில்லை என்று கேட்டேன். "பிரஷ்ல நாலு நாள் சார். கன்னுல ஒரே நாள். நாலு நாள் கூலி யார் குடுப்பா?" என்றார். நியாயம்தான். அன்றைக்கு அவர் முகத்தில் கட்டியிருந்தது வெறும் துண்டு. எங்கள் காரில் படிந்தது எல்லாம் அவர் மூச்சிலும் போயிருக்கும். அதைச் சீவி எடுக்கக் கிளே எதுவும் கிடையாது. இரண்டு டப்பா கலந்து அடிக்கிற பி.யு. வேலையென்றால் இன்னும் மோசம். அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவையே கொண்டுவரும். துண்டு அதற்குப் போதாது என்று சொன்னேன். தலையாட்டினார்.

போன வாரம் தெருக்கோடி வீட்டு கேட் வேலை அவருக்குக் கிடைத்தது. காலை ஆறு மணிக்கு எனக்கு போன். "சார், இன்னிக்கு கன் போடறேன். பதினோரு மணிக்குள்ள முடிச்சிடுவேன். வண்டிய எடுத்துடுங்க. மேல் மாடி சாருக்கும் சொல்லிடுங்க."

எடுத்துவிட்டோம்.